கப்பலைத் தின்றவன்

உலகத்தை எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். பல்லால் பார்த்த ஒரே மனிதனை எனக்குத் தெரியும். அவனோடு இரண்டு வருடம் ஒரே வகுப்பில் படித்து, அதில் ஒரு பருவம் முழுக்க ஒரே மேசையில் வேலையும் செய்து, புத்தி பிசகாமல் வெளியே வந்தவள் நான். அவனைப் பற்றி எழுத எனக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், இப்போது இல்லாத ஒரு சின்ன தொழிற்கல்லூரியில் பொருள் வடிவமைப்பு என்று ஒரு புதுப் படிப்பைத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலி, டார்ச்லைட், தேநீர்க் குவளை என்று மனிதர் கையில் படும் எதையும் எப்படி யோசித்துச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கும் படிப்பு. நான் எதிர்க்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும், கார்களையும் ஏற்றிவரும் ஃபெரிக் கப்பலில் தீவுக்கு வருவேன். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் வம்சத்தில் பிள்ளைகள் டாக்டர் ஆகலாம், கணக்காளர் ஆகலாம், ஒன்றுக்கும் ஆகாவிட்டால் ஆசிரியர் ஆகலாம். நாற்காலி வரையலாம் என்று யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

"கதிரை செய்யிறதுக்கும் ஒரு படிப்போ?" என்றார் அப்பா. "சரி பிள்ளை, போ. ஆனா ஒரு பாடத்தில தவறினாலும் அடுத்த நாளே டைப்பிங் வகுப்பு. செபராங் ஜெயாவில கந்தோர் கந்தோரா ஆள் எடுக்கிறாங்கள், தெரியுமோ?"

இந்த மிரட்டலைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டுதான் தினமும் கடலைக் கடந்தேன்.

முதல் வாரம் மரங்களைப் பற்றிய பாடம். விரிவுரையாளர் திரு. லிம் மிகவும் சாதுவான மனிதர். ரப்பர் மரம், மெராந்தி, பிளைவுட் என்று சின்னச் சின்னத் துண்டுகளைச் சுற்றுக்கு விட்டார். நாங்கள் தடவிப் பார்த்தோம், முகர்ந்து பார்த்தோம், அடுத்தவரிடம் தள்ளினோம். கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தபோது எல்லாத் துண்டுகளின் ஓரத்திலும் பற்குறி இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

"யார் செய்தது இது?" என்றார் லிம்.

ஒல்லியாக, நெட்டையாக, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்ட ஒருவன் எழுந்தான். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மெராந்தி கசக்கிறது என்றும், ரப்பர் மரம் பரவாயில்லை ஆனால் நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறது என்றும், பிளைவுட்டின் பசையை மட்டும் யாரும் தின்னக்கூடாது என்றும் ஆங்கிலத்தில் அறிக்கை வாசித்துவிட்டு உட்கார்ந்தான்.

என் பக்கத்தில் இருந்த ரொஹானா, "மாச்சாம் தூப்பாய்!" என்றாள். மலாயில், அணில் மாதிரி இருக்கிறானே என்று அர்த்தம். அன்று மதியத்துக்குள் கல்லூரி முழுவதும் அவன் தூப்பாய் ஆகிவிட்டான்.

கடைசிப் பருவத்தில்தான் என் கெட்ட காலம் ஆரம்பித்தது. நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு பொம்மை வடிவமைத்து, மாதிரி செய்து காட்ட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பொம்மை. வருட மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். பார்வையிட லிம்முடன், எங்கள் கரையில் பிறை என்ற ஊரில் பொம்மைத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு சீன அம்மாளும் வருவார் என்று சொன்னார்கள். சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்தார்கள். எனக்கு ரொஹானா வந்தாள். அவளைப் போல வர்ணம் பூச அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது. ஆ செங் வந்தான். ஜெலுத்தோங்கில் அவன் மாமாவுக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை இருந்தது, கேட்ட இரும்பு கேட்ட அளவில் கிடைக்கும். நான் மூளை என்று நானே முடிவு செய்து தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். நாலாவது சீட்டைப் பிரித்தேன். தூப்பாய்.

எனக்கு ஒரு யோசனை ரொம்ப நாளாகவே இருந்தது. ஃபெரிதான் என் பொம்மை. இழுத்தால் அசைந்து அசைந்து போகும். முன்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே நிற்கும் எட்டுக் குட்டிக் கார்களும் ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கும். ஒவ்வொரு கார் ஒவ்வொரு நிறம். வரைபடத்தை மேசையில் விரித்தபோது ரொஹானா கைதட்டினாள். ஆ செங் சக்கரத்துக்குப் பித்தளை வாஷர் போடலாம் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தான்.

தூப்பாய் படத்தின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "இதுல எது மொதல்ல வாய்க்குள்ள போவும்?"

"ஒண்ணும் போகாது. இது விளையாடுற சாமான்."

"புவனா, எங்க ஃபிளாட்டுல அக்கா புள்ளைங்க நாலு இருக்கு. கையில எதக் குடுத்தாலும் ஒண்ணுகூடக் கண்ணுகிட்ட கொண்டு போவாது. நேரா வாயிதான். இந்தக் காடி கட்டைவெரல் நுனி அளவுகூட இல்லலா. முழுங்கிடும்."

காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். காடியைப் பெரிதாக்கு என்றான். பெரிதாக்கினால் கப்பலில் இரண்டுதான் நிற்கும். இரண்டு காரோடு எந்த ஃபெரியாவது கிளம்புமா? நான் தினமும் போகிறவள், எனக்குத் தெரியாதா? எட்டு என்றால் எட்டு என்று சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டினான். சம்மதித்துவிட்டான் என்று நினைத்தேன். அது என் முதல் தப்பு.

முதல் மாதிரியை வெள்ளைத் தெர்மோகோலில் வெட்டினோம். அளவு பார்க்க மட்டும். சனி, ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்து பார்த்தால் கப்பலுக்கு முன்பக்கம் இல்லை. தூப்பாய் அதை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறான். பாதி அக்கா பிள்ளைகள், மீதி அவன். "ஓரம் மெலிசா இருக்கு, பிஞ்சு வருது" என்று அறிக்கை வேறு.

நான் லிம்மின் அறைக்குப் போனேன். "சார், என் குழுவில் ஒருவன் என் கப்பலைத் தின்கிறான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு தின்றிருக்கிறான்?"

"முன்பக்கம் முழுக்க, சார்."

கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பின்பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பியுங்களேன்" என்றார். சாதுவான மனிதர் என்று சொன்னேன் அல்லவா?

அடுத்தது கயிறு. நல்ல சிவப்புக் கயிறாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஒரு மணி நேர விரிவுரை முழுவதும் தூப்பாய் அதன் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து வாயைத் திறந்தான். முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள். உதடு, பல், நாக்கு, தாடை எல்லாம் சிவப்பு. ரத்தம் கக்குகிறான் என்று பியூனைக் கூப்பிட ஓடினார்கள். அவன் நிதானமாக என்னைத் தேடிப் பார்த்து, கயிற்றைத் தூக்கிக் காட்டி, "சாயம் போவுது, புவனா" என்றான். அத்தனை பேர் முன்னாலும்.

கயிற்றை மாற்றினேன்.

பிறகு வர்ணம். ஆ செங்கின் மாமா மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் ஸ்பிரே பெயிண்ட் கொடுத்தார். கண்ணாடி போலப் பளபளத்தது. மறுநாள் காலை தூப்பாய் உதடு வீங்கி, மீன் மாதிரி வாயை வைத்துக்கொண்டு வந்து நின்றான். பேச முடியவில்லை. கப்பலைக் காட்டினான், நாக்கைக் காட்டினான், இல்லை என்று விரலை ஆட்டினான். ரொஹானா உப்புத்தாளை எடுத்து, மூன்று நாள் பூசியதைச் சுரண்ட ஆரம்பித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனை அன்று அங்கேயே கழுத்தை நெரித்திருந்தால் மலாய், சீன, தமிழ் என்று மூன்று இனத்து மக்களும் ஒற்றுமையாக எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் ஈறில் ரத்தத்தோடு வந்தான். இந்த முறை சாயம் இல்லை, நிஜ ரத்தம். காரின் அச்சுக்கம்பி முனை குத்தியிருக்கிறது. எட்டுக் கார், பதினாறு அச்சு, முப்பத்திரண்டு முனை. அத்தனையையும் மழுங்க ராவினால்தான் ஆச்சு என்று ஆ செங்கைப் பட்டறையில் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டான். ஆ செங் எதையும் சட்டென்று சொல்லிவிடுகிறவன் இல்லை. ராவி முடித்துவிட்டு வந்து மலாயில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "இவனை வேறு குழுவுக்குக் கொடுக்க முடியாதா? நம் செலவிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம்."

மற்ற மூன்று குழுத் தலைவர்களிடமும் கேட்டேன். ஒருவனும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

எப்படியோ எல்லாவற்றையும் தாண்டி, கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் ஆ செங் மாமாவின் பட்டறையில் கப்பல் தயாராகிவிட்டது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகான ஒன்றை நான் செய்ததில்லை. மஞ்சள் உடம்பு, நீலப் புகைபோக்கி, உள்ளே எட்டு நிறத்தில் எட்டுக் கார்கள். கதவைத் திறந்தால் வரிசை தவறாமல் இறங்கின. நாங்கள் மூவரும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தூப்பாய் சிரிக்கவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிவப்புக் காரைக் கையில் எடுத்தான். "இன்னும் நேரம் இருக்குலா. காடிய மட்டும் மாத்திடலாம், புவனா."

"கீழ வை."

"ரெண்டு போதும். பெருசா, மூடுன கை அளவுக்கு. வாய்க்குள்ள போவாத மாதிரி."

"தூப்பாய், அதைக் கீழ வை. ஒரு பருவம் முழுக்க நீ ஒரு ஆணிகூட அடிக்கல. தின்ன மட்டும்தான் செஞ்ச. இனிமே இந்தக் கப்பல் மேல உன் பல்லு படக்கூடாது."

அவன் காரைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாரு. எவ்வளவு லேசா உள்ள போவுதுன்னு பாரு."

என்னுள் ஏதோ அறுந்தது. "விழுங்கு!" என்று கத்தினேன். பட்டறைச் சன்னல்கள் அதிரும்படி கத்தினேன். "விழுங்கு! விழுங்கித் தொலை!"

விழுங்கிவிட்டான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவன் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் கறுத்தது. ஆ செங் பாய்ந்து முதுகில் அறைந்தான். ரொஹானா அவன் தலையைக் கீழே அமுக்கினாள். நான் என்ன செய்தேன்? நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை. எத்தனை விநாடி என்று தெரியாது. பிறகு அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மூச்சை இழுத்தான். கண்ணில் நீர் வழிய, பூனைக்குட்டி போல ஒரு குரலில், "போயிருச்சு" என்றான்.

தமிழ் வாத்தியார் ஒருவர் பின்னாளில் எனக்கு விளக்கினார்: அந்தப் பெயரைக் குறுக்கித் 'துப்பாய்' என்று படித்தால், பழைய இலக்கணப்படி 'நீ துப்ப மாட்டாய்' என்றே பொருளாம். ரொஹானா இலக்கணம் படித்து வைத்த பெயர் இல்லை. ஆனால் பெயர் என்றால் அப்படி அமைய வேண்டும்.

ஆ செங் மாமாவின் வேனில் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவு முகப்பில் இருந்தவர் பெயரைக் கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருடம் தினமும் வருகைப் பதிவில் கேட்ட பெயர்! அந்த நேரம் மூவருக்கும் ஞாபகம் வரவில்லை. "தூப்பாய்" என்றாள் ரொஹானா. அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு, "தகப்பன் பெயர்?" என்றார்.

சற்றுநேரம் கழித்து டாக்டர் எக்ஸ்ரே படத்தோடு வந்தார். நடுவயதுத் தமிழர். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். மரம் படத்தில் தெரியாதாம், உலோகம்தான் தெரியும். தூப்பாயின் வயிற்றுக்குள் நான்கு வட்டச் சக்கரங்களும் இரண்டு அச்சுகளும், யாரோ ஒழுங்காக நிறுத்திவைத்தது போல நின்றன.

"என்னம்மா இது?"

"காடி, டாக்டர்" என்றேன்.

"பார்க்கிங் நல்லா இருக்கு. இவருக்கு என்ன வயசு?"

"இருபத்திரெண்டு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "கம்பி முனையெல்லாம் நல்லா மழுங்கி இருக்கு. அதுதான் இவரு அதிர்ஷ்டம். கூரா இருந்திருந்தா இப்ப கத்தி வெச்சிருப்பேன். தானா வெளிய வரும், இன்னைக்கு இங்க இருக்கட்டும்." போகத் திரும்பியவர் நின்றார். "இது யாருக்காகச் செஞ்ச சாமான்?"

"ரெண்டு வயசுக் குழந்தைங்களுக்கு."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆ செங் முனை முனையாக ராவியது என் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் நான் தூப்பாயைத் திட்டிய திட்டுகளும் நினைவுக்கு வந்தன.  பட்டறைக்கு வந்ததும் நானே ரம்பத்தை எடுத்தேன். கப்பலின் உள்தட்டை அறுத்து வீசினேன். ரப்பர் மரத்தில் மூடிய கை அளவுக்கு இரண்டு குண்டுக் கார்கள் வெட்டினோம். அவற்றுக்குச் சக்கரமும் மரம்தான், அச்சும் மரம்தான். ரொஹானா ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்குப் பச்சையும் பூசினாள். அழுதுகொண்டே அறுத்தேன், அவனைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன். அறிவுகெட்டவன், ஒரு வாரம் முன்னால் விழுங்கியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை லிம்மும் பிறை அம்மாளும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். அந்த அம்மாள் வரைபடத்தைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். "படத்தில் எட்டு இருக்கிறது. இங்கே இரண்டுதானே இருக்கிறது?" என்றார். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பதிலைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"அது எங்க பழைய டிசைன்" என்று வாசலிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது.

ஆஸ்பத்திரி செருப்போடு, கையில் பெரிய பழுப்பு உறையோடு தூப்பாய். எப்படி விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. நேராகச் சன்னலுக்குப் போய் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வகுப்பு முழுவதும் எழுந்து வந்தது. "எட்டுக் காரில் ஒன்று இங்கே இருக்கிறது. விழுங்க முடியுமா என்று சோதித்தோம். முடிகிறது. அதனால் எங்கள் தலைவி நேற்றே மாற்றிவிட்டார்." பாடம் நடத்துகிறவன் போலச் சொல்லி முடித்தான். லிம் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் படத்தருகே போய் மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்த்தார்.

முதலிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாத்துக்குப் போனது. நீங்களே சொல்லுங்கள், வாத்து! எங்களுக்கு இரண்டாவது இடம். நல்ல மதிப்பெண்ணோடு தேறினோம். பிறை அம்மாள் எந்தப் பொம்மையையும் கேட்கவில்லை. தூப்பாயைத்தான் கேட்டார். அடுத்த மாதமே அவன் அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். எட்டு மணி நேரம் கடிப்பதற்குச் சம்பளம். கார் எப்போது, எப்படி வந்து சேர்ந்தது என்பது குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகுந்த விஷயமல்ல.

முடிவு சொன்ன அன்று சாயங்காலம் படகுத்துறைவரை அவனோடு நடந்தேன். அவன் வீட்டுக்குப் போகும் ஜெலுத்தோங் பஸ் அங்கிருந்துதான் புறப்படும். வயிற்றில் காரோடு, அந்த ஆஸ்பத்திரி செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான்.

"ஏன் விழுங்கின? செத்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"முழுங்கணும்னு நெனைக்கலலா. சும்மா கடிச்சுக் காட்டத்தான் வெச்சேன். நீ அப்படிக் கத்துனியா, பயந்துட்டேன். உள்ள போயிருச்சு."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். "அப்புறம் ஏன் எல்லார் முன்னாலயும் டெஸ்ட்னு சொன்ன?"

"பின்ன? லீடர் கத்துனதால முழுங்கிட்டேன்னு சொல்லவா? ஒன் மார்க்க வெட்டிருவாங்க." கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒன் குரல் இருக்கே, புவனா. ஒன் வீட்டுக்காரரு பாவம்லா."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. வாத்தின் அலகு எவ்வளவு மட்டமான மரம், அதைக் கடித்தால் எங்கே பிளக்கும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. வாயை மூடு, வீட்டுக்குப் போ, டாக்டர் படுக்கச் சொன்னாரே என்று நாலுமுறை சொன்னேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஃபெரி வந்தது, போனது. அன்று நான் மூன்று ஃபெரிகளைப் போக விட்டேன்.